குரூப்பில் போன கடல் பாயிண்ட்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதத்தில் நடந்தது இது. புதுச்சேரியில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் சின்ன ஃபைபர் படகு வைத்துத் தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறவர். நான் வீட்டிலேயே மிஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவில் பேர். இருக்கட்டும். அந்த வாயே அடைத்துப்போன ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரே தம்பி. முதலியார்பேட்டையில் அம்மாவோடு இருக்கிறான். கம்பெனி வேலை போன பிறகு, சும்மா இருக்கப் பிடிக்காமல் அவனும் சிநேகிதர்களோடு கடலுக்குப் போக ஆரம்பித்தான். கடல் அவனுக்குப் புதிது. ஆனால் செல்போன் விஷயத்தில் கில்லாடி. படகுக்காரர்களுக்கென்று அவன் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தான். கடலுக்குப் போனால் சிக்னல் இருக்காதே, பொழுது போக வேண்டாமா? அதனால் புதுப்படம் எது வந்தாலும் எங்கிருந்தோ இறக்கி அதில் போட்டுவிடுவான். யாரிடமும் ஒரு பைசா வாங்க மாட்டான். துறைமுகத்தில் அவனுக்கு அப்படி ஒரு மரியாதை!

என் வீட்டுக்காரருக்கு மட்டும் அது பிடிக்காது. திருட்டுப் படம், திருட்டுப் படம் என்று முணுமுணுப்பார். ஆனால் எங்கள் வீட்டு டிவியில் அதைப் போட்டால் முதல் ஆளாக வந்து உட்காருவதும் அவர்தான். ஒரு நாள் தம்பி நேராகவே கேட்டுவிட்டான்.

"மாமா, உன் கூடையிலேர்ந்து நான் ஒரு மீன எடுத்தா உனக்கு ஒண்ணு கொறையும். அது திருட்டு. படத்த காப்பி பண்ணா யாருக்கு இன்னா கொறையுது? அது அங்கியேதான கீது? நான் இன்னா காசுக்கா விக்கிறேன்?"

"கஷ்டப்பட்டு எடுத்தவன ஒரு வார்த்த கேட்டியாடா?" என்றார் இவர்.

"எல்லாரையும் கேட்டுக்கினு இருந்தா படம் பாத்தாப்பலதான்" என்று நான் நடுவில் புகுந்து தம்பி கட்சி பேசினேன். அன்றைக்கு எல்லோரும் சிரித்துவிட்டு மீன் குழம்பு சாப்பிட்டோம்.

இப்போது பாயிண்ட் என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். கடலுக்கு அடியில் அங்கங்கே பாறைத் திட்டுகள் இருக்கும். 'பார்' என்று சொல்வார்கள். பெரிய மீன்கள் அங்கேதான் வந்து நிற்கும். மேலே பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தான், ஒன்றும் தெரியாது. வருடக்கணக்கில் அலைந்து, வலை கிழிந்து, தூண்டில் அறுந்துதான் ஒரு பாரைக் கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்ததும் அந்த இடத்தின் எண்களை ஜிபிஎஸ் கருவியில் பதிந்து வைத்துக்கொள்வார்கள். அதுதான் பாயிண்ட். அதைக் கூடப்பிறந்தவனுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். என் வீட்டுக்காரர் பாருக்குப் போகும்போது பின்னால் எந்தப் படகாவது வந்தால், வேறு பக்கம் போய்ப் பாசாங்காகக் கொஞ்ச நேரம் தூண்டில் போட்டுவிட்டு, அது போன பிறகுதான் தன் இடத்துக்குத் திரும்புவார். "சின்ன வூடு வெச்சிக்கிறவன்கூட இவ்ளோ சுத்திக்கினு போவ மாட்டான்" என்று நான் கிண்டல் செய்வேன். கேட்டுச் சிரித்துக்கொள்வாரே தவிர வாயைத் திறக்க மாட்டார்.

அந்த ஆடி மாதம் இவருடைய கருவியில் பட்டன்கள் அழுந்தாமல் போயின. உப்புத் தண்ணீர் ஏறியிருக்கும், சுத்தம் செய்து தருகிறேன் என்று தம்பி வாங்கிப் போனான். சொன்னபடியே சரிசெய்து கொடுத்துவிட்டான். பட்டனைச் சரிசெய்தவன், உள்ளே இருந்த பாயிண்ட்டுகளையும் தன் போனுக்கு ஒரு காப்பி எடுத்துக்கொண்டான் என்பது எங்களுக்குத் தெரியாது.

பிறகு ஒரு நாள், இவருடைய படகு இன்ஜின் மெக்கானிக் கொட்டகையில் கிடந்ததால் இவர் கடலுக்குப் போகவில்லை. தம்பி போயிருந்தான். முந்தின நாள் சாயங்காலமே எனக்குப் போன் செய்து, "அக்கா, நாளைக்கு மாமாவே அசந்துபோற மாதிரி மீன் எடுத்தாறேன் பாரு. மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்" என்றான்.

"மொதல்ல வாந்தி எடுக்காம வந்து சேரு" என்றேன் நான்.

காலையில் இவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர், அவரும் படகுக்காரர்தான், போனைக் கையில் பிடித்தபடி சிரித்துக்கொண்டே வந்தார்.

"இன்னாண்ணே, ஒம் பாயிண்ட்டெல்லாம் குரூப்ல ஓடுது! 'பெரிய பார்'னு பேரோட போட்டுக்கிறான் ஒம் மச்சான். 'எல்லாரும் பொழைக்கட்டும்'னு எழுதி வேற வெச்சிக்கிறான்."

இவர் தம்பியைத் தொலைத்துவிடுவார், இனி இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை அற்றுப் போகும் என்றுதான் முதலில் பயந்தேன். ஆனால் இவர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"ஓடட்டும், ஓடட்டும். நல்லா ஓடட்டும். அதுல இருக்கறது ஒண்ணுகூட நெசம் இல்ல."

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. யாராவது திருடிவிடுவார்கள் என்று, இவர் எல்லாப் பாயிண்ட்டையும் கொஞ்சம் மாற்றித்தான் பதிந்து வைத்திருக்கிறார். எவ்வளவு கூட்ட வேண்டும், எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது இவர் மனதுக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர், "பலே ஆளுண்ணே நீ!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. தம்பி போனில் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"தம்பி இன்னிக்கு அந்தப் பெரிய பாருக்குத்தான் போயிருக்கான்" என்றேன்.

இவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. டீ கிளாஸைக் கீழே வைக்கக்கூட இடம் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரியவில்லை. பார் இல்லையென்றால் மீன் கிடைக்காது, வெறுங்கையோடு வரப்போகிறான், அவ்வளவுதானே என்று கேட்டேன்.

"அது இல்ல புள்ள. அந்தப் பாயிண்ட்ட நான் கெழக்கால தள்ளி வெச்சிக்கிறேன். அங்க அடி மடமடன்னு எறங்கிடும். பெரும் பள்ளம். நங்கூரக் கயிறு எட்டாது. படகு நிக்காம இழுத்துக்கினு போவும். கப்பல் போற பக்கம் வேற."

"பாத்தா தெரியாதா? திரும்பி வந்துட மாட்டாங்களா?"

"கடல் தெரிஞ்சவன் தண்ணிய பாத்தே திரும்பிடுவான். இவனுங்க மிஷின் சொன்னத நம்புவானுங்க. இங்கதான் இருக்கும், இங்கதான் இருக்கும்னு சுத்தியே எண்ணெய தீத்துடுவானுங்க."

வெளியே முருங்கை மரம் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அதிலும் அந்த மாதத்தில் அடிப்பது மேல்காற்று. கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். எண்ணெய் தீர்ந்த படகை அது கரைக்குக் கொண்டுவராது. உள்ளே உள்ளே தள்ளிக்கொண்டு போகும். மீன்பிடிக்கிறவன் பெண்டாட்டிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்போது நான் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. "பூட்டு போட்டா பூட்டோட நிக்கணும்! பூட்டுல வெஷத்த தடவி வெப்பாங்களா? எந்தம்பிய கொன்னுட்டியே!" என்று கத்தினேன். தெருவே வந்து நின்றது.

"எம் பொருள நான் பத்திரமா வெச்சிக்கினது தப்பா? அவன யார் கை வெக்கச் சொன்னது?" என்று இவரும் கத்தினார். ஆனால் கத்திக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். பட்டன் மேலும் கீழுமாய் மாறிப் போட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அதற்குள் தன் படகில் எண்ணெய்க் கேன்களை ஏற்றப் போய்விட்டார். இன்னொருவர் கடலோரப் போலீசுக்குத் தகவல் சொல்ல ஓடினார். கிளம்பும்போது இவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படகு முகத்துவாரத்தைத் தாண்டும்போதுதான் எனக்கு இன்னொன்று தோன்றியது. இப்போது தம்பியும் கடலில், தாலி கட்டினவரும் கடலில். அதுவும் கடைசியாக நான் சொன்னது என்ன? கொன்னுட்டியே என்று. அந்தச் சொல்லை வாய்க்குள் திரும்ப இழுத்துக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நின்றேன்.

வீட்டில் இருக்க முடியவில்லை. துறைமுகத்திலேயே, மீன் ஏலம் விடும் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். காலைப் படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு படகு வரும்போதும் எழுந்து நிற்பேன். நிறம் வேறாக இருக்கும். உட்காருவேன். மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன் என்றவன் மத்தியானம் தாண்டியும் வரவில்லை. போன் அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அந்தப் பெண் குரல் அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தது. அம்மா கூப்பிட்டாள்.

"அவன் போன் போவலியே, உங்க ஊட்டாண்ட கீறானா?"

"மாமாகூட இருக்கான்மா" என்றேன். குரல் நடுங்காமல் எப்படிச் சொன்னேனோ தெரியாது. சொல்லிவிட்டு, எந்தச் சாமியாவது கேட்டு இந்தப் பொய்யை மட்டும் நிஜமாக்கிவிடு என்று கும்பிட்டேன்.

ஏலம் எடுக்கிற அக்கா ஒருத்தி என் பக்கத்திலேயே இருந்தாள். வியாபாரத்தைக்கூட மறந்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கனகசெட்டிக்குளத்தில் சொந்தக்காரர்கள் உண்டு. ஆடி மாதத்தில் கடல் நீரோட்டம் வடக்கே போகும் என்பதால், அந்தப் பக்கத்துப் படகுக்காரர்கள் யாராவது பார்த்தார்களா என்று போன் செய்து விசாரித்தாள். பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று என்னைவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். நான் விடவில்லை. பின்னாலேயே போனேன்.

"இன்னாக்கா? சொல்லுக்கா!"

"ஒரு ஃபைபர பாத்தாங்களாம். ரொம்ப வெளிய. அலையில அப்பப்ப தெரிஞ்சிச்சாம். இவங்களுக்கும் எண்ணெ கம்மி, காத்து வேற, கிட்ட போவ முடியலியாம். போலீசுக்கு எடம் சொல்லிட்டாங்களாம்."

"ஆளுங்க?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல் போனை இடுப்பில் செருகினாள்.

"ஆளுங்க இருந்தாங்களான்னு கேக்கறேன்!"

"ஆளு தெரியலியாம்மா."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஐஸ் உடைக்கிறார்கள், கூடை இழுக்கிறார்கள், யாரோ யாரையோ திட்டுகிறார்கள். எல்லோருடைய வாயும் அசைகிறது, சத்தம் மட்டும் இல்லை. ஆளில்லாத படகு. நான் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்? இவர் முகத்தை வாழ்நாள் முழுக்க எப்படிப் பார்ப்பேன்? ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இவர் தட்டில் சோறு போட்டுக்கொண்டு, இவர் மாற்றி வைத்த எண்தான் என் தம்பியைத் தின்றது என்று நினைக்காமல் ஒரு நாள் கழியுமா? அந்தப் பயம் கடல் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், தம்பி செய்தது திருட்டா, இவர் செய்தது பாவமா என்று நியாயம் பிரிக்கிற நிலையில் நான் இல்லை. இரண்டு பேரும் வந்தால் போதும்.

வெயில் இறங்கி, வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது முகத்துவாரத்தில் ஒரு படகு தெரிந்தது. பின்னால் கயிறு கட்டி இன்னொரு படகு. முன்படகில் இருந்தவர்களைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "நீ பாத்து சொல்லுக்கா, நீ பாத்து சொல்லு" என்றேன்.

"அடியே, நிமிந்து பாருடி! ஒந்தம்பி குந்திக்கினு கீறான்!"

ஓடினேன். செருப்பு எங்கே போனது என்று தெரியாது. தம்பி இறங்கினதும் பளாரென்று ஓர் அறை விட்டேன். அடுத்த நிமிடமே கட்டிக்கொண்டு அழுதேன். உதடு வெடித்து, கண் சிவந்து, உடம்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது அவனுக்கு. கூடப் போன இரண்டு பேருக்கும் அதே கோலம்.

"ஒரு கப்பல் வந்துச்சிக்கா" என்றான். "ஒரு தெருவே எழுந்து வர்ற மாதிரி வந்துச்சி. சட்டைய ஆட்னோம், கத்தினோம். அவனுக்கு இன்னா தெரியும்? பக்கத்துலயே போச்சி. அது எழுப்புன அலையில கவுந்துட்டோம்னே நெனச்சேன். அப்புறம் யாராலயும் குந்தக்கூட முடியல. மூணு பேரும் படகுக்குள்ளயே படுத்துட்டோம்."

ஆள் தெரியாமல் போனதற்குக் காரணம் அதுதான். அந்தப் படுத்த நிலையில்தான் இவர் போய் அவர்களைக் கண்டிருக்கிறார். தப்பான அந்தப் பாயிண்ட்டுக்கு நேராகப் போய், அங்கிருந்து காற்று எப்படித் தள்ளும், நீரோட்டம் எப்படி இழுக்கும் என்று கணித்துத் தேடியிருக்கிறார். தான் சொன்ன பொய் எங்கே இருக்கிறதென்று அவருக்கு மட்டும்தானே தெரியும்.

இவர் எங்கே என்று தேடினேன். கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தம்பி போய் அவர் முன்னால் உட்கார்ந்தான்.

"எடுத்தா உனக்கு ஒண்ணும் கொறையாதுன்னு நெனச்சேன் மாமா."

"மாத்தி வெச்சா யாருக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு நானும் நெனச்சேன்டா" என்றவர், சிறு பிள்ளை மாதிரி விசும்பி அழுதுவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எதிரே போய் உட்கார்ந்து, "நான் காலையில சொன்னத மறந்துடு" என்றேன். "எத சொன்ன?" என்று கேட்டார். அந்த மனுஷன் மனசு அப்படி.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

தம்பி முதல் வேலையாகக் குரூப்பிலிருந்து அந்தப் பாயிண்ட் பட்டியலை அழித்தான். ஆனால் அதற்குள் அது பல கைக்குப் போய்விட்டது. கடலூர் போயிருக்கிறது, அதற்கும் தெற்கே போயிருக்கிறது. ஒரு குரூப்பிலிருந்து இன்னொரு குரூப்புக்கு, பேர்கூட மாறாமல். அனுப்புவதற்கு ஒரு விரல் போதும். திரும்பக் கூப்பிட ஊரையே கூட்டினாலும் முடியாது. இவர் தன் குரலிலேயே பேசிப் பதிவு போட்டார். "அந்தப் பாயிண்ட்டு எல்லாம் தப்பு. நான்தான் மாத்தி வெச்சேன். யாரும் அங்க போவாதீங்க. புள்ளகுட்டிக்காரங்க, தயவுசெஞ்சி போவாதீங்க." கட்டிக் காத்த ரகசியத்தைத் தானே ஊருக்குப் போட்டுடைத்தார்.

அதற்கு என்ன பதில் வந்தது தெரியுமா? "அண்ணன் பலே ஆளு! பாயிண்ட்டு வெளிய போனதும் தப்புன்னு கத கட்றாரு, நாம போவாம இருக்கணுமாம்" என்று சிரித்து எழுதியிருந்தான் எவனோ. அதைப் படித்துவிட்டு இவர் போனைக் கவிழ்த்து வைத்தார். எங்கள் துறைமுகத்தில் ஒவ்வொரு படகாகப் போய்ச் சொன்னார், நம்பினார்கள். முகம் தெரியாத ஊரில் யாரிடம் போய்ச் சொல்வது?

தம்பி இப்போது குரூப்பில் படம் போடுவதில்லை. அதற்காக அது திருட்டு என்று அவன் ஒத்துக்கொண்டான் என்று நினைக்காதீர்கள். இன்றைக்கும் அவனும் இவரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அந்தச் சண்டை வரும். காசு வாங்காதவன் எப்படித் திருடன் என்பான் அவன். கேட்காமல் எடுத்தால் வேறு என்ன பேர் என்பார் இவர். முன்பு மாதிரி நான் நடுவில் புகுந்து கட்சி பேசுவதில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். தம்பி கேட்டிருந்தால் இவர் முடியாது என்று திட்டியிருப்பார். ஆனால் திட்டும்போதே, "அங்க போவாதடா, பள்ளம்" என்ற ஒரு சொல்லும் வாயிலிருந்து விழுந்திருக்கும். கேட்காமல் எடுத்ததால் அந்தச் சொல் மட்டும் கூட வரவில்லை.

ஆடி பிறந்து மேல்காற்று எழுந்துவிட்டால், இன்றைக்கும் இவர் காலையில் துறைமுகத்தில் போய் நின்று, முகம் தெரியாத படகு எது கிளம்பினாலும் எங்கே போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் மிஷினை நிறுத்திவிட்டு வாசலில் நிற்கிறேன். எங்கள் பிள்ளை திரும்பி வந்துவிட்டான். அந்தப் பாயிண்ட் மட்டும் இன்னும் எந்த ஊரில், எந்தத் தாய் பெற்ற பிள்ளையின் போனில் இருக்கிறதோ.